டெக்சஸ் பள்ளி ஃபுட்பால்: பழைய டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

டெக்சஸில் எந்த ஊர் ஹை ஸ்கூலுக்குள் போனாலும் ஜிம் சுவரில் ஒரு ஃபுட்பால் பேனர் தொங்கும் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்). மேலே 'டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்ஸ்' என்று கொட்டை எழுத்து, கீழே வரிசையாக ஆண்டுகள். கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுக் கணக்கில் குழப்பம் அதிகம் இருக்காது. பட்டியலின் தொடக்கத்தில் இருக்கும் 1920களையும் 1930களையும் காட்டி, "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுப் பாருங்கள். முந்தைய கோச் சொன்னார், அவருக்கு அவருக்கும் முந்தையவர் சொன்னார் என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

நான் அபிலீன் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். நூலகத்தில் வேலை. பையன் பள்ளி அணியில் முன்வரிசை ஆட்டக்காரன், 'கார்டு'. பேனரைப் புதிதாக அடிக்கலாம் என்று பெற்றோரின் பூஸ்டர் கிளப்பில் முடிவானபோது, பழைய ஆண்டுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதிலிருந்து இந்தத் தேடல் என்னை விடவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். டெக்சஸில் குடியேறிய நம்மவர்கள் நிறையப் பேரின் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை இரவுகளில் மைதானத்திலோ பேண்ட் வரிசையிலோ இருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் இதே வேலையைச் செய்ய விரும்பினால் இந்தக் குறிப்புகள் உதவும்.

டிஸ்ட்ரிக்ட் என்பதை நம் ஊர் மாவட்டம் போல எண்ணிக்கொள்ள வேண்டாம். அரசு நிர்வாகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓரளவு ஒரே அளவுள்ள, ஓரளவு பக்கத்தில் இருக்கும் சில பள்ளிகளை ஒரு குழுவாகச் சேர்த்து எண் கொடுப்பார்கள். அந்தக் குழுவில் முதலிடம் பிடிப்பவர் டிஸ்ட்ரிக்ட் சாம்பியன். அந்தக் காலத்தில் அவர் அடுத்த குழுவின் சாம்பியனோடு மோதுவது பை-டிஸ்ட்ரிக்ட் ஆட்டம். அதற்கும் மேலே ரீஜனல், கடைசியில் மாநிலம். இப்போது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துக் குழுக்களை மாற்றி அமைக்கிறார்கள். அந்தக் காலத்திலும் குழுக்கள் மாறிக்கொண்டேதான் இருந்தன. 1927ல் டிஸ்ட்ரிக்ட் 2 என்று இருந்ததையும் இருபது ஆண்டு கழித்து டிஸ்ட்ரிக்ட் 2 என்று இருந்ததையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். தேடும் ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

1920க்கு முன், 1920க்குப் பின்

டெக்சஸில் பள்ளி ஃபுட்பால் மிகப் பழையது. 1892 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளே கால்வெஸ்டனில் பால் ஹை ஸ்கூல் பையன்கள் ஒரு நகர அணியோடு ஆடித் தோற்றிருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குச் சாம்பியனை அறிவிக்க அமைப்பு என்று எதுவும் இல்லை. பள்ளிகளே கடிதம் எழுதி ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொண்டன. கிடைத்தவரோடு ஆடினார்கள்: பக்கத்து ஊர்ப் பள்ளி, தனியார் அகாடமி, கல்லூரியின் முதலாண்டு அணி, சில சமயம் ஊர்ப் பெரியவர்களின் அணி. சீசன் முடிந்ததும் உள்ளூர்ப் பத்திரிகை "மேற்கு டெக்சஸின் சாம்பியன் நாமே" என்று எழுதும். அதே வாரம் நாற்பது மைல் தள்ளி இன்னொரு பத்திரிகையும் அப்படியே எழுதியிருக்கும்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் 1910ல் பேச்சுப் போட்டிக்காகத் தொடங்கிய அமைப்புதான் பிறகு யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் ஆனது. எல்லோரும் யு.ஐ.எல். என்பார்கள். அது மாநில ஃபுட்பால் சாம்பியன் என்று அறிவிக்கத் தொடங்கியது 1920ல். ஆகவே உங்கள் பள்ளி பேனரில் 1914 என்றோ 1917 என்றோ இருந்தால், 'சாம்பியன் என்று உரிமை கோரினார்கள்' என்பதுதான் அதற்குச் சரியான வாசகம். நீக்கச் சொல்லவில்லை. அந்த ஊர் நம்பியதும் வரலாறுதான். ஆனால் லீக் கொடுத்த பட்டத்தோடு ஒரே வரிசையில் வைக்கக் கூடாது.

இந்தப் பழைய ஆட்டங்களின் ஸ்கோரைப் படிக்கும்போது விதி மாறியதையும் நினைவில் வையுங்கள். டச்டவுனுக்கு, அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவதற்கு, 1898 முதல் 1911 வரை 5 புள்ளிதான். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பும் ஃபீல்ட் கோலுக்கு 1904 முதல் 4, 1909 முதல் 3. 1908ல் 4-0 என்று ஒரு ஸ்கோர் கண்ணில் பட்டால் அச்சுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள், அது ஒரு ஃபீல்ட் கோலாக இருக்கலாம்.

ஸ்கோரைத் தேடும் முன் விதியைத் தேடுங்கள்

நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வது இதைத்தான். பட்டம் பாதி மைதானத்தில் முடிவாகும், மீதி பாதி ஒரு கூட்ட அறையில் முடிவாகும். யார் ஜெயித்தார்கள் என்பதோடு நிற்காமல், யார் அறிவித்தார்கள், எந்த விதிப்படி அறிவித்தார்கள் என்று தேடினால்தான் விடை கிடைக்கும்.

மாநில அளவிலேயே உதாரணம் இருக்கிறது. 1920 இறுதி ஆட்டத்தில் ஹூஸ்டன் ஹைட்ஸும் கிளீபர்னும் 0-0. இருவரும் கூட்டுச் சாம்பியன். 1929ல் போர்ட் ஆர்தரும் பிரெக்கன்ரிட்ஜும் 0-0. அப்போதும் இருவருமே சாம்பியன். 1932ல் கோர்சிகானாவும் ஃபோர்ட் வொர்த் மேசானிக் ஹோமும் ஆடியதும் 0-0தான், ஆனால் பட்டம் கோர்சிகானாவுக்கு மட்டும். ஏனென்றால் அந்த ஆட்டத்தில் சமனை உடைக்க 'பெனட்ரேஷன்' கணக்குப் பார்த்தார்கள். எதிரணியின் 20 கெஜக் கோட்டுக்குள் எத்தனை முறை நுழைந்தார்கள் என்ற எண்ணிக்கை அது. கோர்சிகானா 3, மேசானிக் ஹோம் 0. ஒரே ஸ்கோர், மூன்று ஆண்டு, இரண்டு வகை முடிவு. மாநில இறுதியிலேயே இப்படி என்றால் டிஸ்ட்ரிக்ட் மட்டத்தில் எவ்வளவு நடந்திருக்கும்!

விதியை எங்கே பார்ப்பது? யு.ஐ.எல். ஆண்டுதோறும் தன் சட்ட விதிகளைப் புத்தகமாக வெளியிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் புல்லட்டின் வரிசையில் இவை வந்தன. வயது வரம்பு, பள்ளி மாறிய மாணவன் எப்போது ஆடலாம், சமனானால் என்ன செய்வது எல்லாம் அதில் இருக்கும். அதோடு 'தி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீகர்' என்று 1917 முதல் லீகின் சொந்தப் பத்திரிகை வந்தது. அதன் அறிவிப்புப் பகுதியை விடாமல் படியுங்கள். 1922 முதல் 1948 வரை லீகின் இயக்குநராக இருந்தவர் ராய் பெடிச்செக். பறவைகளைப் பற்றியும் டெக்சஸ் இயற்கையைப் பற்றியும் எழுதி பெயர் வாங்கிய அதே பெடிச்செக்தான். ஆஸ்டினில் இருக்கும் பிரிஸ்கோ மையம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்கு எழுதிக் கேட்டால், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பதில் சொல்வார்கள். கேள்வியை மட்டும் குறுக்கிக் கேளுங்கள்: ஆண்டு, பள்ளி, என்ன தகராறு.

பத்திரிகைகள்: வேலையில் பெரும்பகுதி இங்கேதான்

வட டெக்சஸ் பல்கலைக்கழகம் நடத்தும் 'போர்ட்டல் டு டெக்சஸ் ஹிஸ்டரி' தளத்தில் தொடங்குங்கள். இலவசம். எங்கள் பக்கத்து ரேஞ்சர் டெய்லி டைம்ஸ், பிரெக்கன்ரிட்ஜ் அமெரிக்கன், சிஸ்கோ பத்திரிகைகள் எல்லாம் பக்கம் பக்கமாக அதில் இருக்கின்றன. டல்லாஸ் மார்னிங் நியூஸின் பழைய இதழ்களை டல்லாஸ் பொது நூலக அட்டை வைத்திருப்பவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மேற்கு டெக்சஸ் முழுக்கப் போய்ச் சேர்ந்த பெரிய பத்திரிகை ஃபோர்ட் வொர்த் ஸ்டார்-டெலிகிராம். ஊர்ப் பத்திரிகை காணாமல் போன ஆண்டுகளுக்கு அதன் விளையாட்டுப் பக்கம் கைகொடுக்கும். இணையத்தில் ஏறாத இதழ்களுக்கு மைக்ரோஃபிலிம்தான் வழி. உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், எங்கள் வேலையே அதுதான்.

தேடும் பெட்டியில் பள்ளிப் பெயரை மட்டும் போட்டால் பாதி செய்திகள் மாட்டாது. தலைப்பு எழுதியவர்களுக்கு இடம் குறைவு, அதனால் ஊர்ப் பெயரைவிடப் பட்டப்பெயரையே எழுதினார்கள். அபிலீன் என்றால் 'ஈகிள்ஸ்', சில சமயம் 'வார்பர்ட்ஸ்'. பிரெக்கன்ரிட்ஜ் என்றால் 'பக்கரூஸ்', இன்னும் சுருக்கி 'பக்ஸ்'. ரேஞ்சருக்கு 'புல்டாக்ஸ்', ஈஸ்ட்லாண்டுக்கு 'மாவெரிக்ஸ்', பிரவுன்வுட்டுக்கு 'லயன்ஸ்'. சிஸ்கோவின் 'லோபோஸ்' என்பதில் எஸ்-க்கு முன் ஒரு ஈ உண்டு. அதை விட்டுத் தேடினால் ஒன்றும் வராது. ஃபுட்பால் என்ற சொல்லே இல்லாமல் 'கிரிட்', 'கிரிடர்ஸ்', 'பிக்ஸ்கின்' என்று எழுதியிருப்பார்கள். பட்டத்துக்கு 'டைட்டில்', 'ஃபிளாக்', 'பென்னன்ட்' என்று பல பெயர். நீளமான பெயர்கள் வரி முறியும் இடத்தில் இரண்டாக உடைந்திருந்தால் கணினிக்குத் தெரியாது, ஆகவே பெயரின் முதல் பாதியை மட்டும் போட்டும் தேடுங்கள்.

தேடலைவிட நம்பகமானது ஒன்று உண்டு. ஆட்டம் நடந்த தேதி தெரிந்தால் நேராக அந்த இதழைத் திறந்து கண்ணால் படிப்பது. மைதானங்களில் விளக்குகள் பரவலாக வருவதற்கு முன், ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி மதியம் நடந்தன. தினசரி என்றால் மறுநாளும் ஞாயிறும் பாருங்கள். வாரப் பத்திரிகை என்றால் அடுத்த வார இதழில்தான் செய்தி இருக்கும். நவம்பர் 11 போர்நிறுத்த நாளும் தேங்க்ஸ்கிவிங் வியாழனும் பெரிய ஆட்டங்களுக்கான நாட்கள். இதில் 1939க்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அதிபர் ரூஸ்வெல்ட் அந்த ஆண்டு தேங்க்ஸ்கிவிங்கை ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார். டெக்சஸ் இரண்டு வியாழனையும் கொண்டாடியது. 'தேங்க்ஸ்கிவிங் ஆட்டம்' என்று மட்டும் ஒரு குறிப்பு இருந்தால் எந்த வியாழன் என்று உறுதி செய்யுங்கள்.

பழைய ஆட்டச் செய்தியின் முதல் பத்தி பெரும்பாலும் வீர வசனம். ஆதாரம் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டு அணியின் பெயர்களும் இடம் வலமாக, நடுவில் ஆடும் இடம்: லெஃப்ட் எண்ட், லெஃப்ட் டாக்கிள், லெஃப்ட் கார்டு, சென்டர் என்று இறங்கிக்கொண்டே வரும். அதன் கீழே கால்பகுதி வாரியாக ஸ்கோர். அப்புறம் மாற்று ஆட்டக்காரர்கள். கடைசி வரியில் நடுவர்களின் பெயரும், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர் படித்த கல்லூரியும்: பேலர், டி.சி.யூ., சிம்மன்ஸ் என்று. எங்கள் அபிலீனில் இன்று ஹார்டின்-சிம்மன்ஸ் என்று இருக்கும் பல்கலைக்கழகம்தான் அந்தச் சிம்மன்ஸ். வெளியூர் அணி தோற்றுவிட்டுப் புகார் கொடுத்திருந்தால் இந்த நடுவர் வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1930களின் செய்தியில் ஃபர்ஸ்ட் டவுன் (பத்து கெஜம் முன்னேறியது) எண்ணிக்கையோடு பெனட்ரேஷன் எண்ணிக்கையையும் போட்டிருந்தால், அந்த எண் பட்டத்தை முடிவு செய்யக்கூடியது என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பொருள். உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

தோற்ற ஊரின் பத்திரிகையைக் கட்டாயம் படியுங்கள். ஜெயித்த ஊர்க்காரர் கொண்டாட்டத்தை எழுதுவார். தோற்ற ஊர்க்காரர்தான் "அந்த டாக்கிளுக்கு வயது எத்தனை?" என்று கேட்டிருப்பார். எனக்கு மிகப் பயனுள்ள செய்திகள் பல எதிரணி ஊரிலிருந்து கிடைத்தவைதான். இன்னொன்று: ஒரே அசோசியேட்டட் பிரஸ் செய்தியைப் பத்துப் பத்திரிகைகள் வார்த்தை மாறாமல் போட்டிருக்கும். பத்து இடத்தில் பார்த்துவிட்டோம் என்று மகிழாதீர்கள், அது ஒரே ஆதாரம்.

டிசம்பரை விட்டுவிடாதீர்கள்

கடைசி ஆட்டம் முடிந்ததும் தேடலை நிறுத்துவது பெரிய இழப்பு. டிஸ்ட்ரிக்ட் விவகாரங்களைக் கவனிக்க ஒரு செயற்குழு இருந்தது. உறுப்பினர்கள் பெரும்பாலும் அந்தந்தப் பள்ளிகளின் கண்காணிப்பாளர்களும் முதல்வர்களும். தகுதி குறித்த புகார், ஆட்டம் பறிபோவது, மூன்று அணி சமனாவது எல்லாம் இவர்கள் மேஜைக்கு வரும். அங்கே தோற்றவர்கள் ஆஸ்டினில் இருக்கும் மாநிலச் செயற்குழுவிடம் முறையிடலாம்.

எங்கள் பகுதியில் இது அடிக்கடி நடந்ததற்குக் காரணம் எண்ணெய். 1917ல் ரேஞ்சரில் எண்ணெய் பீறிட்டது, அடுத்த சில ஆண்டுகளில் பிரெக்கன்ரிட்ஜில் வீதி முழுக்க கிணற்றுக் கோபுரங்கள் எழுந்தன. ஆயிரக்கணக்கில் குடும்பங்கள் வந்தன, போயின. அபிலீன், பிரெக்கன்ரிட்ஜ், ரேஞ்சர், ஈஸ்ட்லாண்ட், சிஸ்கோ, பிரவுன்வுட் பள்ளிகள் ஆடிய டிஸ்ட்ரிக்டைப் பத்திரிகைகள் 'ஆயில் பெல்ட்' என்றே எழுதின. அதன் தரம் எவ்வளவு என்றால், அபிலீன் 1923, 1928, 1931ல் மாநிலச் சாம்பியன், பிரெக்கன்ரிட்ஜ் 1929ல் கூட்டுச் சாம்பியன். அப்பா வேறு கிணற்றுக்கு வேலைக்குப் போனால் பையன் பள்ளி மாறுவான். அவன் நன்றாகப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவன் என்றால், அப்பாவுக்கு வேலை முதலில் வந்ததா, பையனுக்கு அழைப்பு முதலில் வந்ததா என்ற கேள்வி எழும். புகார், விசாரணை, சாட்சி, தீர்ப்பு. நவம்பர் கடைசியில் பட்டியலில் முதலிடம் இருந்த அணி, டிசம்பர் நடுவில் இரண்டு ஆட்டத்தைப் பறிகொடுத்துக் கீழே போயிருக்கும். ஜனவரி முடியும் வரை இதழ்களைப் புரட்டுங்கள். 'புரொடெஸ்ட்', 'இன்எலிஜிபிள்', 'ஃபார்ஃபிட்', 'எக்ஸிகியூட்டிவ் கமிட்டி' என்ற சொற்களுக்காகக் கண்ணை விரித்து வையுங்கள்.

எங்கள் பள்ளி பேனரில் இருந்த ஓர் ஆண்டு இதற்கு நல்ல உதாரணம். ஆண்டு மலரில் 'டிஸ்ட்ரிக்ட் சாம்பியன்ஸ்' என்று அணிப் படத்தின் கீழே அச்சாகியிருந்தது. ஆட்டச் செய்திகளைக் கோத்துப் பார்த்தால் மூன்று பள்ளிகள். நாங்கள் ஒருவரை ஜெயித்தோம், அவர் மற்றவரை ஜெயித்தார், மற்றவர் எங்களை ஜெயித்தார். யார் பை-டிஸ்ட்ரிக்ட் போனார்கள் என்று பார்த்தால் பக்கத்து ஊர். முடிவு எங்கே எடுத்தார்கள் என்று தேடியபோது, எதிரணி ஊரின் பத்திரிகையில், விளையாட்டுப் பக்கத்தில் இல்லை, உள்பக்கத்தில் ஜின்னிங் ஆன பருத்திப் பேல்களின் கணக்குக்குக் கீழே நாலைந்து வரி கிடைத்தது. குழு கூடியது, மூன்று பள்ளிக்கும் பட்டம் சமம், அடுத்த சுற்றுக்குப் போகிறவரை மட்டும் நாணயம் சுண்டித் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது சாம்பியன் வேறு, அடுத்த சுற்றுக்கான பிரதிநிதி வேறு. எங்கள் மலர் எழுதியது பொய்யில்லை, ஆனால் முழுமையும் இல்லை. 'கூட்டுச் சாம்பியன்' என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் இரண்டுக்கும் அந்தப் பத்தியின் நகலை அனுப்பினேன். மூன்றாவது பள்ளிக்கு அப்படி ஒரு பட்டம் இருப்பதே தெரிந்திருக்கவில்லை!

சின்னப் பள்ளிகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும். கிளாஸ் பி என்ற சிறு பள்ளிகளின் பிரிவுக்கு 1972 வரை மாநிலச் சாம்பியன் போட்டியே கிடையாது. டிஸ்ட்ரிக்ட், பை-டிஸ்ட்ரிக்ட், ரீஜனல் அளவில் நின்றுவிடும். ஆறு பேர் ஆடும் சிக்ஸ்-மேன் ஃபுட்பாலுக்கும் அதே நிலைதான். தலைமுறை தலைமுறையாக அந்தப் பையன்களுக்குக் கைக்கு எட்டிய பட்டம் டிஸ்ட்ரிக்ட்தான். அதனால்தான் ஆண்டைச் சரியாக எழுத வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிறேன்.

ஆண்டு மலர்கள், மாறிய பெயர்கள்

ஆண்டு மலர்களை அணிப் படத்துக்கும் பெயர்களுக்கும் நம்பலாம், பட்டத்துக்கு மட்டும் நம்ப வேண்டாம். வேகோ ஹையின் 'டெய்சி செயின்', அபிலீன் ஹையின் 'ஃபிளாஷ்லைட்' போன்றவற்றின் பழைய மலர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 1928 மலரில் இருப்பது 1927 இலையுதிர்கால சீசன். பேனர் ஆண்டுகள் ஒன்று தள்ளிப் போவதற்கு இதுவே பொதுவான காரணம்.

பள்ளிப் பெயர்கள் மாறும், பள்ளிகள் மறையும். 1920ல் கூட்டுச் சாம்பியனான ஹூஸ்டன் ஹைட்ஸ், பிறகு ரேகன் ஹை ஆகி, 2016ல் மறுபடியும் ஹைட்ஸ் ஆனது. 1924ல் மாநிலத்தை வென்ற டல்லாஸ் ஓக் கிளிஃப், பிறகு ஆடம்சன். பால் டைசன் கோச்சாக இருந்து 1922, 1925, 1926, 1927 என்று நான்கு முறை மாநிலத்தை வென்ற வேகோ ஹை, 1986ல் வேறு பள்ளிகளோடு இணைக்கப்பட்டது. பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரு தாளில் எழுதி முன்னால் ஒட்டிக்கொண்டு தேடுங்கள்.

கறுப்பினப் பள்ளிகளின் சாம்பியன்கள்

பேனர் வேலையில் பெரும்பாலோர் தொடாமல் விடும் பகுதி இது. யு.ஐ.எல். அந்தக் காலத்தில் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டும். கறுப்பின மாணவர்களின் பள்ளிகளுக்கு 1920ல் தனி லீக் உருவானது. பிரெய்ரி வியூ கல்லூரியிலிருந்து நடத்தப்பட்டதால் பின்னாளில் பிரெய்ரி வியூ இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக் என்ற பெயரில் அறியப்பட்டது. பி.வி.ஐ.எல். என்பார்கள். அதற்கும் டிஸ்ட்ரிக்டுகள் உண்டு, 1940 முதல் 1969 வரை மாநில ஃபுட்பால் சாம்பியன்களும் உண்டு. டெம்பிள் டன்பாரிலிருந்து ஜோ கிரீன், பியூமான்ட் சார்ல்டன்-பொலார்டிலிருந்து பப்பா ஸ்மித், ஆஸ்டின் ஆண்டர்சனிலிருந்து டிக் லேன் என்று இந்த லீகிலிருந்து போய்த் தொழில்முறை ஃபுட்பாலில் நட்சத்திரமானவர்களின் பெயரைக் கேட்டால் அதன் தரம் புரியும். ஹூஸ்டனில் யேட்ஸ், வீட்லி பள்ளிகள் தேங்க்ஸ்கிவிங் அன்று மோதினால் பல்லாயிரம் பேர் கூடுவார்கள்.

வெள்ளி இரவு மைதானம் வெள்ளையர் பள்ளிகளுக்குப் போய்விடும், அதனால் இவர்களின் ஆட்டங்கள் பெரும்பாலும் புதன், வியாழனில் நடந்தன. தேதி வைத்துத் தேடும்போது இதை மறக்கக் கூடாது. நகரத்துப் பெரிய பத்திரிகைகளில் ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். ஹூஸ்டன் இன்ஃபார்மர், டல்லாஸ் எக்ஸ்பிரஸ் போன்ற கறுப்பினப் பத்திரிகைகளைத் தேடுங்கள். இவை வாரப் பத்திரிகைகள், ஆகவே தேதியிலிருந்து பத்து நாள் வரை தள்ளிப் பாருங்கள். 1960களின் கடைசியில் பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் இவர்களின் பள்ளிகள்தான். கோப்பைகளும் படங்களும் பல ஊர்களில் குப்பைக்குப் போயின. இன்று ஆதாரம் இருப்பது பழைய மாணவர் சங்கங்களிடமும், சர்ச்சுகளில் சேர்த்து வைத்திருக்கும் இறுதிச் சடங்கு நிகழ்ச்சித் தாள்களிலும், பி.வி.ஐ.எல். கோச்சுகள் சங்கத்திடமும்தான். அபிலீனில் கார்ட்டர் ஜி. உட்சன், வேகோவில் ஏ.ஜே. மூர், ஃபோர்ட் வொர்த்தில் ஐ.எம். டெரல் என்று உங்கள் ஊரிலும் ஒரு பழைய பள்ளியின் பெயர் இருக்கும். அந்தப் பிள்ளைகள் இன்று படிக்கும் பள்ளியின் சுவரில், அந்தப் பழைய பள்ளி வென்ற ஆண்டுகளுக்கும் இடம் கேளுங்கள். நான் கேட்கிறேன், ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன்.

மனிதர்களிடம் கேட்பது

சிறு ஊர்களில் டெய்ரி குவீன் கடையில் காலையில் ஒரு முதியவர் கூட்டம் காபியோடு உட்கார்ந்திருக்கும். 1920களில் ஆடியவர்கள் யாரும் இல்லை, ஆனால் அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். "யார் சாம்பியன்?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தங்கள் அப்பாவின் அணியைத்தான் சொல்வார்கள். "வீட்டில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். சங்கிலியில் கோக்கிற குட்டித் தங்க ஃபுட்பால், கடிதம், அணிப் படம் ஏதாவது வரும். படத்தின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பென்சிலில் பெயர், தேதி, சில சமயம் அந்தந்த ஆட்டத்தின் ஸ்கோர்கூட எழுதியிருப்பார்கள். முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டாமல், முதலில் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

எழுதி வைப்பது

ஒரு ஆண்டுக்கு ஒரு வரி என்று அட்டவணை போடுங்கள். சீசன் ஆண்டு, பிரிவு, டிஸ்ட்ரிக்ட் எண், அதில் இருந்த பள்ளிகள், டிஸ்ட்ரிக்ட் ஆட்டங்களின் முடிவுகள், பட்டத்தை அறிவித்தது யார், எந்தத் தேதி, எந்தப் பத்திரிகை, எந்தப் பக்கம். வெளி அணிகளோடு ஆடியதைத் தனியாக வையுங்கள், அவை டிஸ்ட்ரிக்ட் கணக்கில் சேராது. நான் மூன்று நிலையாகப் பிரிக்கிறேன். அறிவிப்பே கையில் இருந்தால் 'உறுதி'. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பத்திரிகைகளின் ஆட்ட முடிவுகள் ஒத்துப்போய், அறிவிப்பு மட்டும் கிடைக்கவில்லை என்றால் 'ஏற்கத்தக்கது'. மலரோ வாய்மொழியோ மட்டும் என்றால் 'ஊர் நம்பிக்கை'. பிந்தைய சாதனைப் பட்டியல்கள் எத்தனை ஒத்துப்போனாலும் நிலையை உயர்த்த மாட்டேன், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அவை.

பக்கத்தைப் படமெடுக்கும்போது பத்திரிகைப் பெயரும் தேதியும் இருக்கும் மேல்வரி கட்டாயம் விழ வேண்டும். வெட்டிய துண்டுச் செய்தியை அடுத்தவர் சரிபார்க்க முடியாது. வேலை முடிந்ததும் ஒரு பிரதியைப் பள்ளிக்கும், ஒன்றை ஊர் நூலகத்துக்கும், ஒன்றை உங்கள் கவுன்ட்டியின் வரலாற்றுக் குழுவுக்கும் கொடுங்கள். டெக்சஸில் பெரும்பாலான கவுன்ட்டிகளில் அப்படி ஒரு குழு உண்டு. பள்ளிக்குக் கொடுப்பதை ஜூன், ஜூலையில் கொடுத்துவிடுங்கள். ஆகஸ்ட் பயிற்சி தொடங்கிவிட்டால் கோச்சுக்கு அதைப் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது.